மிட்-செஞ்சுரி மாடர்ன் குவில்ட் கிட்: டிசைன் அருமை, ஓரம் கட்டற பைண்டிங் துணி தான் பத்தல

துணியெல்லாம் பெட்டில வர்ற கிட் ஒண்ணு வாங்கி, ரெண்டு மாசமா சனி ஞாயிறு மட்டும் உக்காந்து தைச்ச குவில்ட் (துண்டுத் துணிகளை சேர்த்து, நடுவுல பஞ்சு வச்சு தைக்கிற போர்வை) போன வாரம் முடிஞ்சுது, ஒரு தடவை துவைச்சும் பாத்தாச்சு, அதனால தான் இப்ப எழுதுறேன். நான் வாங்கறதுக்கு முன்னாடி தேடினப்போ கிடைச்ச ரிவ்யூ எல்லாம் பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே எழுதினது, கலர் அழகா இருக்கு பேக்கிங் நல்லா இருக்குன்னு, தைச்சு முடிச்சவங்க என்ன சொல்றாங்கன்னு ஒண்ணு கூட கிடைக்கல. கடை பேரு போடல, சின்ன கடை, நான் சொல்ற குறைய அவங்களுக்கு நேரா மெயில்ல அனுப்பிட்டேன். ஆனா இந்த மாதிரி கிட் நிறைய பேர் விக்கிறாங்க, எதை வாங்கினாலும் என்ன பாக்கணும்ங்கிறது ஒண்ணு தான்.

எனக்கு மெஷின்ல நேர்த்தையல் வரும், தலகாணி உறை, துணிப்பை எல்லாம் தைச்சிருக்கேன். குவில்ட் இது தான் முதல் தடவை.

பெட்டிக்குள்ள ஏழு கலர்ல ப்ளெயின் காட்டன் துணி இருந்துச்சு: ஆஃப் ஒயிட், கடுகு மஞ்சள், டீல் (பச்சை கலந்த நீலம்), ஆலிவ் பச்சை, செங்கல் மாதிரி ஒரு ஆரஞ்சு, வால்நட் ப்ரவுன், சார்க்கோல் (கரி நிறம்). கூட ஒரு புக்லெட், வளைவு வெட்டறதுக்கு ரெண்டு அட்டை டெம்ப்ளேட். அவ்வளவு தான். நடுவுல வைக்கிற பேட்டிங் (பஞ்சு அடுக்கு), பின்பக்கத் துணி, நூல் எதுவும் கிடையாது, அதை வெப்சைட்ல தெளிவா போட்டிருக்காங்க, அதனால அது குறை இல்ல. முடிச்சா 48-க்கு 60 இன்ச், ஒரு ஆள் சோஃபால காலை நீட்டி போத்திக்கற சைஸ். முதல் குவில்ட்டுக்கு இதுக்கு மேல பெரிசு வேண்டவே வேண்டாம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல டிசைன். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதுல இருந்து 60-கள் கடைசி வரைக்கும் வந்த நாற்காலி, கடிகாரம், திரைத்துணி, வீடு எல்லாத்தையும் சேர்த்து தான் மிட்-செஞ்சுரி மாடர்ன்னு சொல்றாங்க, படம் பாத்தாலே ஒருத்தருக்கு சட்டுனு புரியற ஸ்டைல். டிசைனர் தம்பதி சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1949-ல லாஸ் ஏஞ்சலஸ்ல கட்டின அவங்க சொந்த வீட்டோட முகப்பு, கறுப்புச் சட்டத்துக்குள்ள வெள்ளையும் நீலமும் சிவப்பும் கட்டம் கட்டமா இருக்கும், அதைப் பாத்தப்போ எனக்கு தோணினது இதை அப்படியே துணில தைச்சிடலாமேங்கிறது தான். ஹெர்மன் மில்லர்ங்கிற ஃபர்னிச்சர் கம்பெனில 1952-ல இருந்து துணிப் பிரிவைப் பாத்துக்கிட்ட அலெக்ஸாண்டர் ஜிரார்ட் போட்ட டிசைன்களும் அப்படித் தான், முக்கோணம், கோடு, கட்டம், அழுத்தமான கலர். டிசைனர் ஜார்ஜ் நெல்சன் ஆபீஸ்ல இருந்து வந்த பந்து வச்ச கடிகாரம் நடுவுல இருந்து குச்சி குச்சியா சூரியன் மாதிரி விரியும், அந்த உருவம் தான் அந்தக் காலத்து வால்பேப்பர்ல இருந்து தட்டு வரைக்கும் எல்லாத்துலயும் வந்திருக்கு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க, இது எல்லாமே பெரிய உருவம், நேர்க்கோடு, பூவேலை இல்லாத தட்டையான கலர், சுத்தி நிறைய காலி இடம். புதுசா குவில்ட் பழகறவங்களுக்கு வேண்டியதும் அதே தான்! சின்னச் சின்ன துண்டா நூத்துக்கணக்குல வெட்டி ஒட்டற பழைய பேட்டர்ன்ல மாட்டிக்கிட்டா பாதிலயே விட்டுடுவோம். இங்க மொத்தமே 20 ப்ளாக் (தனித்தனியா தைச்சு அப்புறம் சேர்க்கிற சதுரம்), ஒவ்வொண்ணும் 12 இன்ச், நாலு பக்கவாட்டுல அஞ்சு கீழ்வாக்குல. ஆனா அதே காலி இடம் தான் சோதனையும். பூப்போட்ட துணில ஒரு தையல் கோணலா போனா யாருக்கும் தெரியாது, ஆஃப் ஒயிட் ப்ளெயின் துணில சார்க்கோல் முனை நூல் அளவு தள்ளிப் போனாலும் தூரத்துல இருந்து தெரியும். அதனால இந்த ஸ்டைல்ல கிட் போடறவங்க வெட்டறது, தைக்கிறது, அயர்ன் பண்றது மூணையும் ரொம்ப பொறுமையா சொல்லித் தரணும். இந்த கிட் டிசைன்ல அசத்திட்டு, சொல்லித் தர்ற இடத்துல தான் அவசரப்பட்டிருக்கு.

ப்ளாக் மூணு விதம். எட்டு ப்ளாக் நட்சத்திரம், எட்டு ப்ளாக் வெறும் செவ்வகம், கடைசி வரிசைல நாலு ப்ளாக் கால் வட்டம். அந்தக் கடிகாரம் மாதிரி விரியற உண்மையான ஸ்டார்பர்ஸ்ட் நட்சத்திரம் ஊசி மாதிரி நீளமான முனையோட இருக்கும், அதை சரியா தைக்கணும்னா பேப்பர்ல வரைஞ்சு பேப்பர் மேலயே வச்சு தைக்கிற முறை வேணும், புதுசா வர்றவங்களுக்கு அது தலைவலி. இவங்க அதை மூணுக்கு மூணு கட்டமா மாத்தி, நடுவுல ஒரு சதுரம், நாலு பக்கமும் ஒவ்வொரு முக்கோணச் சதுரம் (ரெண்டு கலர் முக்கோணம் சேர்ந்த சதுரம்), மூலைல வெறும் சதுரம்னு எளிமையாக்கிட்டாங்க. பழைய குவில்ட் தைக்கிறவங்க பார்த்தா ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார்னு சொல்லிடுவாங்க, ஆனா கடுகு மஞ்சளையும் சார்க்கோலையும் வச்சு சுத்தி ஆஃப் ஒயிட் விட்டதும் அது 50-கள் கடிகாரம் மாதிரியே நிக்குது. இது நல்ல முடிவுன்னு நினைக்கிறேன்.

இப்ப முக்கோணச் சதுரம். ரெண்டு சதுரத்தை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி தைச்சு, கோட்டு மேல வெட்டினா ரெண்டு கிடைக்கும். மொத்தம் 32 வேணும், அப்படின்னா 16 ஜோடி. புக்லெட்ல சதுரத்தை 4⅞ இன்ச்சுக்கு வெட்டச் சொல்றாங்க, கணக்குப்படி அது சரி தான், தைச்சு விரிச்சா நாலரை இன்ச் வரணும். ஆனா கணக்குப்படி தைக்கிற கை முதல் குவில்ட்ல யாருக்கு இருக்கும்? எனக்கு முதல் நாலும் நாலரைக்கு கம்மியா வந்துடுச்சு, கம்மியா வந்ததை பெரிசாக்க வழி இல்ல. அப்புறம் 5 இன்ச்சுக்கு வெட்டி, தைச்சு, அயர்ன் பண்ணிட்டு, ஸ்கேல்ல இருக்கிற 45 டிகிரி கோட்டை தையல் மேல வச்சு நாலரைக்கு ட்ரிம் பண்ணினேன், ஒண்ணு கூட தப்பல. 42 இன்ச் அகலத் துணில 4⅞ வெட்டினாலும் எட்டு, 5 வெட்டினாலும் எட்டு தான் வரும், 16 சதுரத்துக்கு ரெண்டு பட்டை, கூடுதலா போற துணி ஒரு கலருக்கு வெறும் கால் இன்ச். இதை புக்லெட்லயே 5-ன்னு போட்டுட்டா எத்தனை பேருக்கு கண்ணீர் மிச்சமாகும்!

கால் இன்ச் தையல் பத்தி புக்லெட்ல ஒரே ஒரு வரி: "எல்லாத் தையலும் கால் இன்ச்." இது தான் எனக்கு இந்த கிட் மேல இருக்கிற பெரிய வருத்தம், ஏன்னா மொத்த குவில்ட்டும் நிக்கறது இந்த ஒரு அளவு மேல தான். துணியை அழுத்திப் பிடிக்கிற ப்ரஷர் ஃபுட் ஓரத்தை வச்சு தைச்சா கால் இன்ச்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், என் மெஷின்ல அது கால் இன்ச்சுக்கு ஒரு 1/16 கூட இருந்திருக்கு. 1/16 தானேன்னு தோணும். ஒரு தையல்ல ரெண்டு துண்டும் குறையும், அப்ப ஒரு தையலுக்கு ⅛ போச்சு. நட்சத்திர ப்ளாக்ல குறுக்க ரெண்டு தையல், கால் இன்ச் போச்சு, ஓரத் தையலுக்கு விட்டதையும் சேர்த்து பன்னிரண்டரை வர வேண்டியது பன்னிரண்டே கால் வரும். பக்கத்துல வர்ற செவ்வக ப்ளாக்ல ஒரு பக்கம் தையலே கிடையாது, அது முழுசா பன்னிரண்டரை இருக்கும். ரெண்டையும் எப்படி சேர்ப்பீங்க? இழுத்துப் பிடிச்சு தைச்சா சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் ப்ளெயின் துணில பளிச்சுனு தெரியும்.

அதனால துணில கை வைக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை செஞ்சு பாருங்க: மிச்சத் துணில ஒன்றரை இன்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டி பக்கம் பக்கமா தைச்சு அயர்ன் பண்ணி அளந்து பாருங்க. மொத்தம் மூணரை, நடு பட்டை சரியா 1 இன்ச் இருக்கணும். நடு பட்டை கம்மியா இருந்தா தையலை இன்னும் ஓரமா கொண்டு போகணும். துணி மடியற இடத்துல ஒரு நூல் அளவு எப்பவும் போயிடும், அதனால கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை கம்மியா தைச்சா தான் விரிச்சப்போ சரியா வருது. சரியான இடம் கிடைச்சதும் மெஷின் தட்டுல டேப் ஒட்டி வச்சுக்கிட்டேன், அதுக்கப்புறம் ஒரு ப்ளாக் கூட அளவு தப்பல.

அயர்ன் பண்றதும் அதே மாதிரி. அயர்ன் பாக்ஸை சட்டை தேய்க்கிற மாதிரி இழுக்கக் கூடாது, தூக்கி வச்சு அழுத்தி எடுக்கணும். மூலைக்கு மூலை வெட்டின ஓரம் க்ராஸ்ல இருக்கும், க்ராஸ் துணி இழுத்தா இழுத்த பக்கமே போகும், சதுரம் சாய்சதுரம் ஆயிடும். தையலோட ரெண்டு ஓரத்தையும் எல்லா இடத்துலயும் ரெண்டு பக்கமா விரிச்சு அயர்ன் பண்ணச் சொல்றாங்க, ஏன்னு சொல்லல. விரிச்சா மேல்பக்கம் நல்லா தட்டையா இருக்கும், இந்த ஸ்டைலுக்கு அது அழகு, உண்மை தான். ஆனா வரிசையும் வரிசையும் சேர்க்கும்போது, ஒரு வரிசைல தையலை இடப்பக்கமும் அடுத்த வரிசைல வலப்பக்கமும் சாய்ச்சு விட்டா ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்தி பூட்டிக்கும், விரல்ல தடவினாலே தெரியும், மூலை தானா சேரும். நான் ப்ளாக்குக்குள்ள சாய்ச்சும் வரிசைகளை சேர்த்த தையலை விரிச்சும் பண்ணினேன். சாய்க்கும்போது அடர் கலர் பக்கம் சாய்க்கணும், ஆஃப் ஒயிட் பக்கம் சாய்ச்சா உள்ள இருக்கிற சார்க்கோல் நிழல் மாதிரி வெளிய தெரியுது.

கலர் பத்தி தனியா சொல்லணும். ஏழு கலரும் சேர்த்து வச்சுப் பாத்தா கண்ணுக்கு அவ்வளவு இதமா இருக்கு, துணியும் நல்ல நெருக்கமான நெசவு, பிசிறு ரொம்ப வரல. ஆனா டீலும் ஆலிவும் பேரளவுல தான் வேற, வெளிச்சம் இருட்டுன்னு பாத்தா ரெண்டும் ஒண்ணு. ஃபோன்ல கறுப்பு வெள்ளைல போட்டோ எடுத்தா ரெண்டும் ஒரே சாம்பல் நிறம். அவங்க லே-அவுட்ல ரெண்டு நட்சத்திரம் டீல் மேல ஆலிவ்ல வருது, தைச்சு தள்ளி நின்னு பாத்தா நட்சத்திரமே காணோம்! ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் 1950-ல ஆரம்பிச்சு சாகற வரைக்கும் சதுரத்துக்குள்ள சதுரமா நூத்துக்கணக்குல வரைஞ்சாரே, ஒரு கலர் பக்கத்துல எது இருக்கோ அதைப் பொறுத்து மாறித் தெரியும்னு, அந்தப் படங்களை முன்ன பாத்தப்போ எனக்கு ஒண்ணும் புரியல, இந்த ரெண்டு ப்ளாக்கைப் பிரிச்சு திரும்பத் தைச்சப்போ தான் புரிஞ்சுது. ஆலிவுக்குப் பதிலா கடுகு மஞ்சளைப் போட்டேன், டீல் மேல அது விளக்கு வச்ச மாதிரி எரியுது. வெட்டறதுக்கு முன்னாடி துணியை எல்லாம் வரிசையா வச்சு ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ எடுத்துடுங்க.

சாயம் போகுமான்னும் பாத்துக்கோங்க. ஒவ்வொரு கலர்லயும் ஒரு சின்ன துண்டு வெட்டி வெந்நீர்ல வெள்ளைத் துணியோட ஊற வச்சேன், ஆரஞ்சு மட்டும் லேசா கறை விட்டுது. அதை மட்டும் ஓரம் ஜிக்ஜாக் அடிச்சு தனியா அலசிட்டு அப்புறம் தான் வெட்டினேன். இவ்வளவு ஆஃப் ஒயிட் இருக்கிற குவில்ட்டுக்கு இந்த எச்சரிக்கை புக்லெட்ல இருந்திருக்கணும்.

கால் வட்டம் தான் நான் பயந்துக்கிட்டே இருந்த இடம், ஆனா அது தான் எல்லாத்தையும் விட சந்தோஷமா முடிஞ்சுது. வளைவு பெரிசா இருந்தா தைக்க ஈஸி, சின்ன வளைவு தான் கஷ்டம், இவங்க 12 இன்ச் ப்ளாக்ல 9 இன்ச் ஆரம் குடுத்திருக்காங்க, யோசிச்சு பண்ணியிருக்காங்க. ரெண்டு துண்டையும் பாதியா மடிச்சு நடுவுல ஒரு மடிப்பு போட்டு, நடுவை நடுவோட பின் பண்ணி, அப்புறம் ரெண்டு முனை, அப்புறம் இடைல. குழிஞ்ச துண்டை மேல வச்சு தைச்சா துணி எப்படி நகருதுன்னு கண்ணுக்கு தெரியும், மெதுவா, ஊசி கீழ இருக்கும்போது மட்டும் நிறுத்தி, துணியை திருப்பித் திருப்பி. அட்டை டெம்ப்ளேட் கனமா இருக்கு, வெட்டு ஓரம் சுத்தமா இருக்கு, ரோட்டரி கட்டர் (சக்கரக் கத்தி) உரசினாலும் தேயல. நாலு கால் வட்டமும் சேர்ந்து கீழ ரெண்டு அரை வட்டம், ரெண்டு சூரியன் மறையற மாதிரி. குவில்ட் பாக்கிற எல்லாரும் முதல்ல கை வைக்கிறது அங்க தான்.

மேல் துணி முடிஞ்சா பாதி வேலை தான் முடிஞ்சிருக்கு. பின்பக்கத் துணி ஒவ்வொரு பக்கமும் 4 இன்ச் கூட இருக்கணும், அப்படின்னா 56-க்கு 68, ஒரே அகலத்துல கிடைக்காது, ரெண்டு துண்டு சேர்க்கணும், கரையை வெட்டி எடுத்துட்டு சேருங்க. மூணு அடுக்கையும் சேர்த்து பிடிக்க 4 இன்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின் வச்சேன், கிட்டத்தட்ட 180 பின். கம்மியா வச்சா பின்பக்கம் மடிப்பு விழுந்து அதுக்கு மேலயே தையல் ஓடிடும். அப்புறம் எல்லா அடுக்கையும் ஒண்ணா நகர்த்தற வாக்கிங் ஃபுட் மாட்டி, தையல் நீளம் 3 வச்சு, நடுவுல இருந்து வெளிய, 2 இன்ச் இடைவெளில நேர்க்கோடு. எல்லா கோட்டையும் ஒரே திசைல தைச்சேன், முதல்ல ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு மாத்தி மாத்தி தைச்சப்போ துணி முறுக்கிக்கிச்சு. 48-க்கு 60 சைஸே சுருட்டி மெஷின் கழுத்துக்குள்ள தள்ளும்போது தோள் வலி எடுத்துடுச்சு, அதனால தான் இதை விடப் பெரிசு வேண்டாம்னு முன்னாடி சொன்னேன். கோடு கோடா தைக்கச் சொல்லியிருக்கிறது இந்த டிசைனுக்கு ரொம்பப் பொருத்தம், சுருள் சுருளா தைச்சிருந்தா அந்த அமைதியே போயிருக்கும்.

இப்ப பைண்டிங். சுத்தளவு 216 இன்ச், மூலைக்கும் முனை சேர்க்கறதுக்கும் ஒரு 12 சேர்த்தா 228. 42 இன்ச் பட்டை ஆறு வேணும். பைண்டிங்குக்குன்னு இவங்க குடுத்த சார்க்கோல் துணி பன்னிரண்டரை இன்ச் நீளம், ரெண்டரை இன்ச் பட்டை அஞ்சு தான் வெட்டலாம், அதை அப்படியே வச்சாலும் 210, குறுக்கா சேர்க்கிற நாலு இடத்துல ஒவ்வொண்ணும் ரெண்டரை இன்ச் போனா கையில இருக்கறது 200. சுத்தி வரவே பத்தாது. இது தைக்கிறவங்க கைல நடக்கிற தப்பு இல்ல, கணக்கே தப்பு, யாராவது ஒருத்தர் முழுசா தைச்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ரெண்டு மாச வேலை கடைசி ஒரு பக்கத்துல வந்து நிக்கும்போது எவ்வளவு மனசு கஷ்டமா இருக்கும்னு தைக்கிறவங்களுக்கு தெரியும். 2 இன்ச் அகலத்துக்கு வெட்டினா ஆறு பட்டை வரும், ஆனா அவ்வளவு ஒடுக்கமான பைண்டிங் பின்பக்கம் மடிச்சு பிடிக்க பழகின கை வேணும். நான் மிச்சமிருந்த கடுகு மஞ்சளை ஆறாவது பட்டையா சேர்த்து, அது கீழ் மூலைல சூரியன் பக்கமா வர்ற மாதிரி வச்சு தைச்சேன். பாக்கறவங்க அது டிசைன்லயே இருக்குன்னு நினைக்கிறாங்க, ஆனா அது என் தேர்வா இருந்திருக்கணும், கட்டாயமா இருந்திருக்கக் கூடாது.

துவைச்சது. பேட்டிங் நான் வாங்கினது 80 சதவீதம் காட்டன் 20 சதவீதம் பாலியெஸ்டர், மெல்லிசு. குளிர்ந்த தண்ணில போட்டு எடுத்து காய வச்சா 46½-க்கு 58¼, அதாவது 3 சதவீதம் சுருங்கியிருக்கு. அந்தச் சுருக்கத்துல துணி முழுக்க சின்னச் சின்ன நெளிவு வந்துடும், பழைய குவில்ட் மாதிரி மெத்துனு ஆயிடும். புக்லெட்ல "ஏதாவது ஒரு பேட்டிங்" வாங்குங்கன்னு போட்டிருக்காங்க, எனக்கு அது சரியா படல. கூர்மையான கோடு, தட்டையான கலர்னு இவ்வளவு பாடுபட்டு தைச்சது கண்ணாடி மாதிரி அப்படியே இருக்கணும்னா சுருங்காத பாலியெஸ்டர் எடுக்கணும், போத்திக்க இதமா இருக்கணும்னா காட்டன், இதை முன்னாடியே சொல்லியிருந்தா யோசிச்சு வாங்கலாம். எனக்கு இப்ப இருக்கிற நெளிவு பிடிச்சிருக்கு. சுவத்துல மாட்டறவங்களுக்கு பிடிக்காது.

மெயிலுக்கு கடைல இருந்து ரெண்டே நாள்ல பதில் வந்துச்சு, பைண்டிங் கணக்கு தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க, இனி 15 இன்ச் வெட்டி வைக்கறோம்னு சொல்லி எனக்கும் ஒரு சார்க்கோல் பட்டை அனுப்பறதா சொன்னாங்க. மஞ்சளை நான் பிரிக்கப் போறதில்ல. இப்போதைக்கு நாலு ஸ்டார், வாங்கறவங்க துணி வந்ததும் முதல் வேலையா பைண்டிங் சார்க்கோலை அளந்து பாருங்க, 15 இன்ச் இருந்தா எனக்கு கீழ எழுதுங்க, அஞ்சா மாத்திடறேன்.